மலிவு விலை எலெக்ட்ரிக் கிட்டார்: மாதிரிக்குச் செலவழிப்பதா, கைவேலைக்குச் செலவழிப்பதா?

முதல் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த பிராண்டு நல்லது?" என்பதுதான். அந்தக் கேள்வியைச் சற்றுத் தள்ளிவைக்கச் சொல்வேன். குறைந்த விலைக் கிட்டாரில் குறை எங்கே வருகிறது, எது சரிசெய்யக்கூடியது, எது என்ன செய்தாலும் சரியாகாதது என்று தெரிந்துகொண்டால், பணத்தை எந்த வழியில் செலவிடுவது என்பது பாதி முடிவாகிவிடும்.

வழிகள் நான்கு. பெயர் தெரியாத பிராண்டின் கிட்டார், சின்ன ஆம்ப், பை, வார் எல்லாம் ஒரே பெட்டியில் வரும் தொகுப்பை வாங்கலாம். தெரிந்த நிறுவனத்தின் ஆரம்ப மாதிரி ஒன்றை வாங்கி, மிச்சப் பணத்தை ஒரு நல்ல டெக்னீஷியனிடம் செட்டப்புக்கு, அதாவது வாசிக்க ஏற்றபடி சரிசெய்வதற்கு, கொடுக்கலாம். முழுப் பணத்தையும் அடுத்த படியில் உள்ள மாதிரிக்கே போடலாம். அல்லது, அதே பணத்துக்கு இன்னும் மேலான கிட்டாரை ஒருவர் வாசித்த நிலையில் வாங்கலாம். விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது என்பதால் ரூபாய்க் கணக்குக்குள் போகாமல் படிகளை வைத்தே பேசுகிறேன். ஸ்குவையர் சோனிக், யமஹா பசிஃபிகா 012, ஐபனெஸ் ஜியோ வரிசை ஆகியவை ஆரம்பப் படி. ஸ்குவையர் அஃபினிட்டி, பசிஃபிகா 112 போன்றவை அடுத்த படி. ஸ்குவையர் கிளாசிக் வைப் அதற்கும் மேல்.

குறை எங்கே வருகிறது என்பதை ஆலையிலிருந்து பார்க்க வேண்டும். ஃபெண்டர் வகைக் கிட்டாரில் கழுத்தின் தலைப்பக்கம் உள்ள நட்டிலிருந்து உடலில் உள்ள பிரிட்ஜ் வரை கம்பியின் நீளம் 648 மில்லிமீட்டர். கழுத்தின் குறுக்கே பதித்த உலோக மெட்டுகளான ஃப்ரெட்டுகள் ஒவ்வொன்றுக்கும் மீதி நீளத்தை 1.0595 ஆல் வகுத்துக்கொண்டே போனால் அடுத்த ஃப்ரெட்டின் இடம் கிடைக்கும். 12-ஆவது ஃப்ரெட் சரியாக 324 மில்லிமீட்டரில் விழும். கணினி வழிநடத்தும் சிஎன்சி இயந்திரம் மலிவு மரத்திலும் இந்த இடைவெளிகளைத் துல்லியமாகவே வெட்டுகிறது. உடலின் வடிவம், கழுத்து பொருந்தும் குழி, கம்பியின் அதிர்வை மின் அலையாக்கும் பிக்கப்புக்கான துளைகள் எல்லாம் அப்படித்தான். பெயர்ப்பலகை வேறாக இருந்தாலும் ஆலை ஒன்றாக இருப்பதும் உண்டு. இந்தோனேசியாவின் சுரபாயாவில் இருக்கும் கோர்ட் ஆலையிலிருந்து அந்த நிறுவனத்தின் சொந்தக் கிட்டார்களோடு ஐபனெஸ், ஸ்குவையர், பிஆர்எஸ் எஸ்இ கிட்டார்களும் வெளிவருகின்றன. அங்கே உள்ளவர்களுக்கு நல்ல கிட்டார் செய்யத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

விலையைக் குறைக்கும்போது வெட்டப்படுவது கடைசி மணிநேரத்தின் கைவேலை. ஃப்ரெட்டுகளைச் சமப்படுத்துவது, அவற்றின் உச்சியை மீண்டும் உருட்டி மெருகிடுவது, ஓரங்களை அரத்தால் மழுக்குவது, நட்டில் ஆறு பள்ளங்களையும் கம்பியின் தடிமனுக்கு ஏற்பத் தனித்தனியாக இழைப்பது, கடைசியாகச் சுருதி சேர்த்து எல்லா இடத்திலும் வாசித்துப் பார்ப்பது: இவை இன்றும் பெரும்பாலும் மனிதக் கையையும் கண்ணையும் நம்பியிருக்கும் வேலைகள். தஞ்சாவூர் வீணையைக் குடைந்து முடித்துவிட்டால் மட்டும் அது வீணையாகிவிடாது. மெழுகின் மேல் மெட்டுகளை ஒவ்வொன்றாகப் பதித்து, காதால் சரிபார்த்து மேளம் கட்டிய பிறகுதான் வாசிக்க வரும். மலிவுக் கிட்டார் பல நேரங்களில் மேளம் கட்டும் வேலை பாதியில் நின்றுபோன நிலையில் பெட்டிக்குள் போகிறது. அந்த மிச்ச வேலையை யார், எப்போது, யார் செலவில் செய்வது என்பதுதான் நான்கு வழிகளுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம்.

விலை அதிகம் என்பதால் இந்தக் குறைகள் இருக்காது என்றும் சொல்ல முடியாது. 1965-இல் ஃபெண்டர் நிறுவனத்தை அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனமான சிபிஎஸ் வாங்கிய பிறகு உற்பத்தி பெருகியது, கவனம் குறைந்தது. 1970-களின் பல ஃபெண்டர் கிட்டார்களில் கழுத்து குழிக்குள் சரியாகப் பொருந்தாமல் அசையும் என்பது வாசிப்பவர்களிடையே பிரசித்தம். அதே காலத்தில் ஜப்பானிய நகல்கள் மூலத்தைவிட நன்றாக வரத் தொடங்கின. 1982-இல் ஃபெண்டர் ஜப்பானிலேயே ஸ்குவையர் என்ற பெயரில் கிட்டார் செய்ய ஆரம்பித்ததற்கு அந்தப் போட்டியே காரணம். அந்த ஆரம்ப கால ஜப்பானிய ஸ்குவையர்களைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள். "மலிவு பிராண்டு" என்று தொடங்கிய பெயர் அது.

இனி குறைகள். நான் மிக அதிகமாகக் கவலைப்படுவது நட்டைப் பற்றி. கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகள் படிந்து செல்லும் அந்தச் சின்னத் துண்டின் பள்ளங்கள் ஆழம் போதாமல் இருந்தால் முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் கம்பி தேவைக்கு மேல் உயரத்தில் நிற்கும். அழுத்தும்போது கம்பி கூடுதலாக இழுபட்டுச் சுருதி ஏறிவிடும். திறந்த கம்பிகளை மிகச் சரியாகச் சேர்த்திருப்பீர்கள். ஆனால் ஈ மேஜர் கார்டு கசக்கும். எஃப் கார்டுக்காக ஆறு கம்பிகளையும் ஒரே விரலால் அழுத்த முயலும் மாணவருக்கு விரல் நோகும், ஒலி வராது. அவர் தன் விரலில் பலமில்லை, தன் காது சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். அப்படி நினைத்துக் கிட்டாரை மூலையில் வைத்துவிட்ட பிள்ளைகள் பலர். குற்றம் அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கில் இருந்தது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

சோதிப்பது எளிது. ஒவ்வொரு கம்பியையும் மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்து, முதல் ஃப்ரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். மிக மெல்லிய கீற்று தெரிந்தால் போதும். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் அளவுக்கு இடைவெளி இருந்தால் நட் உயரம். இடைவெளியே இல்லாமல் கம்பி ஃப்ரெட்டில் படிந்து, திறந்த கம்பியை மீட்டும்போது இரைச்சலும் வந்தால் பள்ளம் அதிகமாக வெட்டப்பட்டிருக்கிறது; நட்டையே மாற்ற வேண்டும். சுருதி சேர்க்கும்போது "டிங்" என்று ஒரு சத்தத்தோடு கம்பி தாவினால் அது பள்ளத்தில் சிக்குகிறது. சுருதி நிற்கவில்லை என்றதும் பலர் டியூனிங் கீகளை மாற்றுகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி நட்தான். பென்சில் கரியைப் பள்ளத்தில் தேய்த்துப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

அடுத்தது ஃப்ரெட்டுகள். ஒன்று மட்டும் மயிரிழை உயர்ந்திருந்தால் அதற்கு முந்தைய ஃப்ரெட்டில் வாசிக்கும் ஸ்வரம் இரையும் அல்லது செத்துப்போகும். ஆறு கம்பிகளிலும் எல்லா இடங்களிலும் மெதுவாக வாசித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. இரைச்சல் முதல் சில ஃப்ரெட்டுகளில் பரவலாக இருந்தால் கழுத்து அளவுக்கு மேல் நிமிர்ந்திருக்கலாம். கழுத்தின் வளைவைக் கட்டுப்படுத்த உள்ளே இருக்கும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடைச் சற்றுத் தளர்த்தினால் சரியாகும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் என்றால் அந்த ஃப்ரெட்டைத்தான் கவனிக்க வேண்டும். இதைக் குழப்பிக்கொண்டு கம்பியின் உயரத்தை ஏற்றிக்கொண்டே போவது பலரும் செய்வது. இரைச்சல் மறையும், ஆனால் வாசிக்கவே கடினமாகிவிடும்.

ஃப்ரெட்டின் ஓரம் கையைக் கீறுவதும் மலிவுக் கிட்டாரின் அடையாளமாகச் சொல்லப்படுகிறது. அதில் பாதி ஆலையின் குறை, பாதி ஈரப்பதத்தின் வேலை. மரம் காய்ந்தால் குறுக்குவாக்கில் சுருங்கும், உலோகம் சுருங்காது, ஆகவே ஃப்ரெட்டின் முனை வெளியே நீட்டிக்கொள்ளும். நாள் முழுவதும் ஏசி ஓடும் காட்சியறையில் தொங்கும் கிட்டாரில் இது தெரியும். கடலோர ஊர்களில் இதற்கு நேர்மாறான தொல்லை: மழைக்காலத்தில் கழுத்து உப்பி வளைவு மாறும், கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். ஈட்டி மர வகைகளுக்கு 2017-இல் வந்த சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுக்குப் பிறகு பல நிறுவனங்கள் ஃப்ரெட்போர்டுக்கு மாற்று மரங்களைத் தேடின. ஸ்குவையர் பயன்படுத்தும் "இந்தியன் லாரல்" நம் ஊர்க் காடுகளில் உள்ள கருமருதுதான். கெட்டியான நல்ல மரம். ஆனால் புதிதாக வரும்போது வறண்டு வெளிறி இருக்கும். ஃப்ரெட்போர்டு எண்ணெய் கொஞ்சம் தடவினால் நிறமும் தடவலும் மாறிவிடும். அதைக் குறையாக எண்ணித் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

திருப்பி அனுப்ப வேண்டியவை வேறு. தலைப்பக்கத்திலிருந்து கழுத்தின் நீளத்தைக் கண்ணால் ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் திருகியிருந்தால் ட்ரஸ் ராட் அதைச் சரிசெய்யாது. கழுத்து உடலோடு சேரும் இடத்தில் ஃப்ரெட்போர்டு மேல்நோக்கி எழும்பியிருந்தால், மேல் ஃப்ரெட்டுகளில் வாசிக்கவே முடியாது. சரிசெய்யும் செலவு கிட்டாரின் விலையைத் தொட்டுவிடும். ட்ரஸ் ராட் திருகு ஏற்கெனவே முட்டிக்கொண்டு நகராமல் இருந்தாலும் அப்படியே. பிரிட்ஜின் இடம் தவறியிருப்பது அரிது, ஆனால் வருகிறது. 12-ஆவது ஃப்ரெட்டில் அழுத்தி வாசிக்கும் ஸ்வரமும் அதே இடத்தில் தொட்டு எடுக்கும் ஹார்மோனிக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் துண்டான சேடிலை அதன் கடைசி எல்லை வரை தள்ளியும் அவை ஒன்றாகவில்லை என்றால் அந்தக் கிட்டார் உங்களுக்கு வேண்டாம். மெல்லிய ஈ கம்பி ஃப்ரெட்போர்டின் ஓரத்திலிருந்து நழுவுவதைப் பார்த்து உடனே பயப்பட வேண்டாம். போல்ட் போட்ட கழுத்தில் திருகுகளைச் சற்றுத் தளர்த்தி, கழுத்தை நேராக்கி மீண்டும் இறுக்கினால் பலமுறை சரியாகிவிடும்.

மின்பாகங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கரகரக்கும் வால்யூம் திருகுக்குக் கான்டாக்ட் கிளீனர், தளர்ந்த ஜாக்குக்கு ஒரு ஸ்பேனர், விட்டுப்போன உள் ஒயருக்கு ஒரு சால்டர். ஒன்றை மட்டும் தெளிவுபடுத்துகிறேன்: சிங்கிள் காயில் பிக்கப்பில் வரும் ரீங்காரம் உற்பத்திக் குறை அல்ல, வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அலையை அது உள்வாங்குகிறது. கம்பியைத் தொட்டதும் சத்தம் குறைந்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று பொருள். தொட்டதும் கூடினால் கிட்டாருக்குள் கிரவுண்டு இணைப்பையும், வீட்டில் பிளக்கின் மூன்றாவது பின்னுக்கு உண்மையிலேயே எர்த் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். தொடும்போது சுரீரென்றால் அதே நொடியில் ஆம்பை அணைத்துவிடுங்கள். அது கிட்டார் பிரச்சினை மட்டுமல்ல, உயிர்ப் பிரச்சினை.

இந்த அளவுகோலால் நான்கு வழிகளையும் பார்ப்போம்.

எல்லாம் சேர்ந்த தொகுப்பை நான் பரிந்துரைப்பதில்லை. அதில் நல்ல கிட்டாரே வராது என்று சொல்லவில்லை; வரும். ஆனால் ஒரே மாதிரியில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு அங்கேதான் மிக அதிகம். சரிசெய்ய முடியாத குறை இருந்தால் சேவை மையமோ உதிரிப் பாகமோ கிடைப்பது கடினம். ஒரு நல்ல செட்டப்புக்கு ஆகும் கூலி கிட்டாரின் விலையில் பெரும்பங்காகிவிடுவதால் யாருக்கும் அதைச் செய்ய மனம் வராது. கைவேலை யாராலும் செய்யப்படாமலேயே போகும் வழி இது. பணம் இவ்வளவுதான் என்றால், இன்னும் சில மாதம் பொறுத்து அடுத்த வழிக்கு வருவது மேல்.

ஆரம்ப மாதிரியோடு செட்டப் என்ற இரண்டாம் வழிதான் என் முதல் தேர்வு. சோனிக் போன்ற மாதிரிகளில் உடல் பாப்லர் மரம், பிக்கப் செராமிக் காந்தம், டியூனர் எளியது. இவை எதுவும் கற்பவரைத் தடுக்கப்போவதில்லை. தடுக்கக்கூடியவை நட்டும் ஃப்ரெட்டும். அவற்றுக்குத்தான் நீங்கள் தனியாகப் பணம் கொடுக்கிறீர்கள், அதுவும் உங்கள் ஊரின் காற்றில், உங்கள் கண் முன்னால். இயன்றால் ட்ரெமலோ (சுருதியை ஆட்ட உதவும் நெம்புகோல்) இல்லாத, அசையாத பிரிட்ஜ் உள்ள மாதிரியை எடுங்கள். சோனிக் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் எச்டி (HT) என்ற பெயரில் அது வருகிறது, டெலிகாஸ்டர் வகையில் இயல்பாகவே உண்டு. மலிவு ட்ரெமலோவில் மென்மையான உலோகம் சீக்கிரம் தேய்ந்து சுருதியைக் கெடுக்கும். இந்த விலையில், கம்பிகளைப் பூட்டிவைக்கும் ஃபிளாய்டு ரோஸ் பாணி ட்ரெமலோ பிரிட்ஜைக் கண்டால் அந்தப் பக்கமே போக வேண்டாம். இந்த வழிக்கு ஒரே நிபந்தனை, கைக்கெட்டும் தூரத்தில் நம்பத்தகுந்த டெக்னீஷியன் இருக்க வேண்டும். வாங்கும் முன்பே அவரிடம் பேசி, நட் இழைப்பும் ஃப்ரெட் சமப்படுத்தலும் சேர்த்துக் கூலி என்ன என்று கேட்டுவிடுங்கள். "செட்டப்" என்று சொல்லிக் கம்பி மட்டும் மாற்றிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

அப்படி ஒருவர் இல்லாத ஊரில் இருந்தால் மூன்றாம் வழி. முழுப் பணத்தையும் அடுத்த படிக்குப் போடுங்கள். பசிஃபிகா 112 இந்த இடத்தில் நீண்ட காலமாக நிலைத்து நிற்பதற்குக் காரணம் அதன் ஒலியைவிட அதன் சீர்மை. ஒன்றை எடுத்தாலும் பத்தை எடுத்தாலும் ஏறக்குறைய ஒரே தரம் என்று ஆசிரியர்கள் பலர் நம்பி மாணவர்களுக்குச் சொல்கிறார்கள். நானும் அதை ஏற்கிறேன். ஆல்டர் மர உடலும், 112வி மாதிரியில் அல்நிகோ காந்த பிக்கப்பும் கிடைக்கின்றன. கிளாசிக் வைப் வரை போக முடிந்தால் எலும்பாலான நட் வரும். ஆனால் கற்பவருக்கு அவ்வளவு அவசியமா என்று கேட்டால், இல்லை என்பேன். மேலும், படி உயர்ந்தால் செட்டப் தேவையே இராது என்று நினைக்கக் கூடாது. கப்பலில் வந்த எந்தக் கிட்டாருக்கும் ட்ரஸ் ராடும் ஆக்‌ஷனும் (கம்பியின் உயரமும்) ஒருமுறை பார்த்தாக வேண்டும்.

பழையது வாங்குவது நான்கில் அதிகப் பலன் தரக்கூடியது. அதிக ஆபத்தும் அதில்தான். நல்ல வாசிப்பாளர் வைத்திருந்த கிட்டார் என்றால் மேளம் கட்டும் வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும். மரமும் நம் தட்பவெப்பத்துக்குப் பழகியிருக்கும், திருகுவதாக இருந்தால் இந்நேரம் திருகியிருக்கும். ஆனால் தேய்ந்த ஃப்ரெட், மறைக்கப்பட்ட விரிசல், மாற்றிப் போட்ட பிக்கப் ஆகியவற்றைப் புதியவரின் கண் காணாது. வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போக முடிந்தால் போங்கள். இல்லையென்றால் படம் பார்த்து முன்பணம் அனுப்ப வேண்டாம்.

எந்த வழியானாலும் வாங்கும் முறை ஒன்றை வலியுறுத்துவேன். மலிவு விலையின் முதன்மைப் பிரச்சினை தரம் தாழ்ந்திருப்பதைவிடத் தரம் சீராக இல்லாதது. ஆகவே ஒரு விமர்சகரின் கைக்கு வந்த கிட்டாரைப் பற்றிய பாராட்டு, உங்கள் பெட்டிக்குள் இருக்கும் கிட்டாரைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கிறது. கடைக்குப் போனால் ஒரே மாதிரியில் இரண்டு மூன்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார். பிடித்ததைத் தேர்ந்த பிறகு, "இது காட்சிக்கு வைத்தது, உள்ளே இருந்து புதுப் பெட்டி எடுத்துத் தருகிறேன்" என்பார்கள். மரியாதையாக மறுத்து, சோதித்த அந்தக் கிட்டாரையே கேளுங்கள். உடலில் ஒரு கீறல் இருந்தால் இருக்கட்டும்.

இணையத்தில் வாங்கினால் பெட்டி வந்த அன்றே கழுத்து, 12-ஆவது ஃப்ரெட், டியூனிங், எல்லா ஃப்ரெட்டுகளும் என்று சோதித்துவிடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடியும் வரை எதையும் இழைக்கவோ கழற்றவோ வேண்டாம். நட்டில் ஒருமுறை அரம் பட்டால் கடைக்காரர் திரும்பப் பெற மாட்டார். கழுத்தும் பிரிட்ஜும் தேறினால் வைத்துக்கொள்ளுங்கள். நட்டும் ஃப்ரெட்டும் மட்டும் குறையென்றால் மாற்றுக் கிட்டார் கேட்பதா, டெக்னீஷியனிடம் போவதா என்பதைக் கூலியைப் பார்த்து முடிவு செய்யலாம்.

டெக்னீஷியனிடம் கொடுக்கும் முன் எந்தக் கம்பி போடப் போகிறீர்கள் என்பதையும் முடிவு செய்யுங்கள். தொடக்கத்தில் 09 செட் (மிக மெல்லிய கம்பி 0.009 அங்குலத் தடிமன்) விரலுக்கு இதமானது. பின்னால் 10-க்கு மாறினால் இழுவிசை கூடிக் கழுத்தின் வளைவு மாறும், நட்டின் பள்ளங்களும் இறுக்கமாகலாம். கீழ்ச் சுருதியில் வாசிக்கும் எண்ணம் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். அவர் அதற்கேற்ற கம்பியைப் போட்டு, அந்தச் சுருதியில் சேர்த்து வைத்தே ட்ரஸ் ராடையும் சேடில்களையும் திருப்புவார்.